டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆயுசு முழுக்கப் போட்டுக்கொள்ளலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: வயது 36, தொண்டிப் பக்கம் விசைப்படகில் வேலை, ஒரு பெண் குழந்தை, இரண்டாவதுக்கு முயற்சி செய்கிறீர்கள். தெம்பில்லை, ஆசையில்லை என்று ரத்தம் கொடுத்ததில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 228 என்று வந்திருக்கிறது. ஊசியை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமாமே, போடலாமா என்கிறீர்கள்.

போடலாம். எட்டு வருடமாக நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கண்மூடும்வரை போடுவேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதலில் உங்கள் விஷயம், அப்புறம் என் கதை.

"கரைக்கு வந்ததும் அப்படியே லேபுக்குப் போனேன், 11 மணி இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரவெல்லாம் வலை இழுத்து, கண் அசராமல் வந்த உடம்பு அது. இந்த ஹார்மோன் தூக்கத்தில்தான் ஏறும். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏற ஏற இறங்கும். அதனால்தான் காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு இரண்டு நாட்களில் எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு தடவையும் 300-க்குக் கீழே (டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) வந்து, உடம்பிலும் அறிகுறி இருந்தால்தான் குறைபாடு என்பது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் கணக்கு. உங்கள் 228-ஐ வைத்து இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது குழந்தை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைகளை வேலை செய்ய வைக்கும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் அனுப்புவதை நிறுத்திவிடும். அவை வராவிட்டால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்து, 1990-களில் முடிவுகளை வெளியிட்டது. அந்த அளவுக்கு அது அடைத்துவிடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்து மாதம் போட்டான். கல்யாணமாகிக் குழந்தை தங்கவில்லை என்று போய்ப் பார்த்தால் ஓர் அணுகூட இல்லை. நிறுத்திய பிறகு திரும்பி வர ஒன்றேகால் வருடம் ஆனது. அத்தனை நாளும் ஊர் பேசியது அவன் பொண்டாட்டியைத்தான். அந்தப் பிள்ளை தண்ணீர்க் குழாயடிக்கு வருவதையே விட்டுவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. குழந்தை வேண்டும் என்பவருக்கு ஹெச்சிஜி மாதிரி வேறு ஊசிகள் இருக்கின்றன. நீங்கள் வாயைத் திறந்து டாக்டரிடம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். மண்டபத்தில் படகு டிரைவராக இருக்கிறேன். 39 வயதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்த சவரம் பத்து நாளைக்கு ஒருமுறை போதும் என்றானது. அதை முதலில் கவனித்தவள் என் மனைவிதான். தலைவலி விடவில்லை. போய்ப் பார்த்த இடத்தில் சத்து மாத்திரை கொடுத்தே ஒரு வருடத்தை ஓட்டினார்கள். ஒரு நாள் கடலில், இடப்பக்கம் வந்த படகு மிகக் கிட்டத்தில் வரும்வரை என் கண்ணில் படவில்லை. ஓரப் பார்வை போயிருந்தது. மதுரையில் ஹார்மோன் டாக்டரிடம் போனபோதுதான் பிட்யூட்டரியில் கட்டி என்று தெரிந்தது. மூக்கு வழியாக எடுத்தார்கள். பார்வை திரும்பியது, சுரப்பி திரும்பவில்லை. அதனால்தான் எனக்கு ஆயுசுக்கும். எண் குறைந்திருக்கிறது என்றால் ஏன் குறைந்தது என்று தேட வேண்டும். கட்டியா, சர்க்கரையா, உடல் பருமனா, சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கியா, எதுவாகவும் இருக்கலாம். பருமனால் குறைந்தவருக்கு எடை இறங்கினாலே ஏறும்.

எனக்குப் போடுவது 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோவேட். நாலு மில்லி, விளக்கெண்ணெய் கலந்தது. நர்ஸ் அம்மா குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்வார். இடுப்புக்குக் கீழே ஆழமாக ஏற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகத் தள்ளுவார். எண்ணெய் ரத்தக் குழாயில் புகுந்து நுரையீரலுக்குப் போனால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும், அதற்காக அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்கள். பஸ் போய்விடும் என்று ஒருநாளும் எழுந்து வந்ததில்லை. முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. தோளில் தடவும் ஜெல்லும் உண்டு. பேத்தியைத் தூக்கினால் அவள் தோலில் ஒட்டும் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

வருடக்கணக்கில் போடுகிறவர் கவலைப்பட வேண்டியது ரத்தம் கெட்டியாவதைப் பற்றி. என் நோட்டில் முன்பக்கம் டீசல் கணக்கு, பின்பக்கம் ரத்தக் கணக்கு. ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும் அல்லது குறைக்க வேண்டும். ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வெயிலில் பழுது பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தேன். 55. ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் குடித்து, நிழலில் இருந்துவிட்டு மறுபடி எடுத்தால் 52. ஆனாலும் டாக்டர் பத்து வார இடைவெளியைப் பன்னிரண்டாக்கினார். ஆரம்பித்து 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடா வருடம் இந்தப் பரிசோதனை. 40 வயது தாண்டியவருக்குப் புராஸ்டேட்டுக்காகப் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு இந்த மருந்து கூடாது.

மாரடைப்பு வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2023-இல் டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. இதய நோய் உள்ள, அல்லது வர வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 5,200 ஆண்கள், 45 முதல் 80 வயது. ஜெல் தடவியவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்றுக் கூடுதல். சராசரியாக மூன்று வருடத்துக்கும் குறைவாகத்தான் அவர்களைக் கவனித்தார்கள். என் எட்டு வருடத்துக்கு அதில் முழுப் பதில் இல்லை, அதனால்தான் நான் ஒரு பரிசோதனையையும் தவறவிடுவதில்லை.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள் படகு கரையில்தான். ஒரு வாரம் இரவு வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். பிறகு காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுங்கள். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் மூன்றையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வந்த எண்களை இங்கேயே கீழே போடுங்கள், மதுரையில் யாரிடம் எப்படிப் போவது என்று சொல்கிறேன். அதுவரை யார் சொன்னாலும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தம்பி.