துளை போடும் முன் துணியை விரியுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து எம்.ஜி. டி.டி. கார் இருக்கிறது, 1951 மாடல். மூன்று வருடம் பாடுபட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். உள்ளே இருந்த மரச்சட்டம் உளுத்துப்போயிருந்ததால் ஆசாரியை வைத்துப் புதிதாகச் செய்தோம். பெயின்ட் அடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இனி பாக்கி டோனோ கவர் மட்டும்தான். டாப்பை மடக்கியிருக்கும்போது சீட்டையும் ஸ்டியரிங்கையும் மூடுகிற துணி அது. வெளிநாட்டுக் கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. இங்கே ஒரு குஷன் கடைக்காரர், "வண்டியை விட்டுட்டுப் போங்க சார், ஒரே நாள்ல துளை போட்டு மாட்டித் தர்றேன்" என்கிறார். எதை நம்புவது?
– காட்பாடி வாசகர்

பதில்: ஒரே நாளில் என்றவரிடம் வண்டியை விட வேண்டாம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் இந்த வேலையில் திருத்த முடியாத இடம் ஒன்று உண்டு, அது உறையின் பட்டன்கள் மாட்டும் குமிழ்களைத் திருக வண்டியின் உடம்பில் போடும் துளை. தையல் கோணிப்போனால் பிரித்துத் தைக்கலாம், துணி வீணானால் வேறு வாங்கலாம். புது பெயின்டைத் துளைத்தது அரை அங்குலம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? அதனால் முதலில் துணி, கடைசியில் துளை. இந்த வரிசைக்கு ஒப்புக்கொள்கிற ஆளைத் தேடுங்கள்.

ரெடிமேட் உங்கள் வண்டிக்குச் சரிப்படாது என்பது என் எண்ணம். டி.டி. கார்கள் 1950 முதல் 1953 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 29,000-க்கும் மேல் தயாரானவை. இரும்பு சேஸிஸ் மேல் மரச்சட்டம், அதன் மேல் தகடு, இதுதான் அதன் உடம்பு. மரம் வேலை செய்த கைக்குத் தகுந்தபடி அளவு மாறும். உங்கள் சட்டத்தைச் செய்தவரோ நம்மூர் ஆசாரி. அவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் கதவின் மேல் விளிம்போ பின்பக்க வளைவோ பழைய அளவில் இருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். அசல் அளவுக்கு வெட்டிய துணி ஒரு மூலையில் இழுக்கும், இன்னொரு மூலையில் தொங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டி.டி.யில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதனால் விற்பனைக்கு வரும் உறைகளில் பல, ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் வண்டிக்குத் தைத்தவை. ஸ்டியரிங் சக்கரத்துக்கென்று உறையில் ஒரு பை போன்ற புடைப்பு உண்டு. அது பக்கம் மாறி வந்தால் உறை பயன்படாது. ரெடிமேட்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், வலப்பக்க ஸ்டியரிங் என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். பட்டன் அடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் துணியின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். கூரியர்காரர் தன் பங்குக்குத் தனிக் கட்டணம் கேட்பார். கிரெடிட் கார்டில் கட்டினால் தவறான பொருள் வந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் துணியையும் பட்டனையும் நல்லதாக வாங்கிக்கொண்டு, வண்டி மேலேயே அளவெடுத்து இங்கேயே தைப்பேன். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வேறு ஊர்களில் எளிதில் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். கனமான பொருளை வழுக்காமல் இழுத்துத் தைக்கும் மெஷின், பஞ்ச், பட்டன் அடிக்கும் அச்சு எல்லாம் பழகிய கைகள் இங்கே நிறைய. ஷூ மேல்பாகமோ பையோ தைத்துப் பழகியவருக்கு ஒரு முறை போட்ட ஊசித் துளை மறையாது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. குஷன் கடைக்காரருக்கு வண்டியின் வடிவம் தெரியும், தோல் தையல்காரருக்குத் தையல் தெரியும். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைக்க முடிந்தால் உங்கள் உறை நன்றாக வரும்.

துணி விஷயத்தில், வினைல் மலிவு, துடைப்பது எளிது. ஆனால் சூட்டில் தளர்ந்து, குளிரில் இறுகும். டக் கேன்வாஸ் என்ற கனமான பருத்தித் துணி அந்தக் காலத்து வண்டிக்கு அழகாகப் பொருந்தும், ஈரத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மொஹேர் வகைத் துணி விலை கூடுதல், நடுவில் ரப்பர் அடுக்கு இருப்பதால் தண்ணீர் இறங்காது. நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். நைலான் நூல் வேலூர் வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும். பருத்தி நூலும் ஈரத்தில் மக்கும். பட்டனுக்கு ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, ஒரு மழைக்காலத்தில் துணியில் துருக்கறை வட்டம் விழும். பித்தளை ஒட்டாது.

இனி மாட்டுவது. இதில் அவசரப்படாதீர்கள்.

முதலில் டாப்பை மடக்கி அதன் இடத்தில் வையுங்கள். சீட்டை நீங்கள் ஓட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு சாப்பாட்டு மேசையில் விரிப்பார்களே, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பை வண்டி மேல் போட்டு மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, விளிம்பு, கதவு, ஸ்டியரிங், நடு ஜிப் வரும் இடம் எல்லாவற்றையும் மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியின் அளவுச் சட்டை இதுதான். இதை வைத்து வெட்டும்போது சுற்றிலும் இரண்டு விரற்கடை கூடுதலாக விடச் சொல்லுங்கள். மிச்சத்தை நறுக்க முடியும், குறைந்ததை ஒட்ட முடியாது.

தைத்து வந்ததும் அரை மணி நேரம் இளவெயிலில் விரித்துப்போட்டு மடிப்பு நீங்கவிடுங்கள். டேஷ்போர்டின் நடுவையும் துணியின் நடுவையும் சாக்பீஸால் குறித்து, அங்கே டேப்பால் ஒட்டுங்கள். அடுத்து பின்பக்க நடு. அதற்கப்புறம் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி வெளியே போங்கள். மூலைகள் கடைசியில். ஒரு மூலையில் ஆரம்பித்தால் சுருக்கம் முழுவதும் எதிர் மூலைக்குப் போய்ச் சேரும். எல்லாம் டேப்பில் நிற்கும்போதே நடு ஜிப்பைத் திறந்து டிரைவர் பக்கத்துத் துணியை விலக்கி, கதவைத் திறந்து, உட்கார்ந்து பாருங்கள். ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடி பார்த்த பிறகுதான் துளையைப் பற்றிப் பேச வேண்டும்.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் ஜீப்புக்கு கத்திரி வெயிலில், உச்சிப் பகலில், ஒரு கடையில் வினைல் டாப் மாட்டிக் கொடுத்தார்கள். தம்பட்டம் போல இழுத்துப் பிடித்திருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. மார்கழி மாதம் விடியற்காலை ஒரு பட்டன்கூட அதன் குமிழைத் தொடவில்லை. பலத்தை எல்லாம் போட்டு இழுத்தேன். பின் மூலையில் பட்டனோடு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துணி பிய்ந்து என் கையில் வந்தது. நாற்பது டிகிரி சூட்டில் தளர்ந்த துணிக்கு அளவு வைத்தால் அது அந்தச் சூட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். காலை எட்டு மணி சுமாருக்கு, நிழலில் வைத்து இடம் குறியுங்கள். கையால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்ப வேண்டும், அவ்வளவு இறுக்கம் போதும்.

துளை போடும் முன் பழைய துளைகளைத் தேடுங்கள். தகடு பழையதாக இருந்தால் பட்டி போட்டு மூடியிருப்பார்கள், உட்புறம் இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடையாளம் தெரியலாம். அசல் இடம் கிடைத்தால் அதுவே நல்லது. புதிதாகப் போடுவதானால் பெயின்ட் மேல் டேப் ஒட்டி, சின்ன பிட்டால், மரத்தில் திருகு பிடிக்கும் அளவுக்கு மட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்கள் ஓடுகின்றன என்பது நினைவில் இருக்கட்டும். வெட்டுப்பட்ட தகட்டு விளிம்பில் ஒரு சொட்டு பிரைமர் வையுங்கள், திருகில் மெழுகு தடவுங்கள்.

இந்த வண்டிகளுக்கு லிஃப்ட் தி டாட் என்ற வகை பட்டன்தான் பொருத்தம். அதன் முகத்தில் ஒரு பக்கம் சின்னப் புள்ளி மேடாக இருக்கும். மூன்று பக்கம் பூட்டு, புள்ளி இருக்கும் பக்கம் மட்டும் திறக்கும். புள்ளி துணியின் வெளி விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பூட்டிய பக்கத்தைப் பிடித்து இழுத்து, துணியைக் கிழிப்பீர்கள். முதல் பட்டனை அடித்ததும் நிறுத்தச் சொல்லி நீங்களே ஒரு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.

கடைசியாக, பில். துணியின் பெயர், நூல், பட்டனின் உலோகம், "உரிமையாளர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே துளை" என்ற வாசகம், முடிக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். பாதிக்கு மேல் முன்பணம் வேண்டாம். வண்டியை விடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இந்த உறை குளிர்காற்றுக்கு மடியை மூட உதவியது. நமக்கு அது வெயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் தனியாக ஏறும்போது, பக்கத்து சீட்டை மூடியபடி ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது அந்தத் தோல் சீட்டில் யாராவது ஏறினால் தொடை சுடாது.

கேள்வி: என் ஜீப்புக்கு டாப் தைக்கக் கொடுத்தேன். முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டே வாரத்தில் தையல் விட்டுவிட்டது. கேட்டால், "தைத்த பொருளுக்கு கேரண்டி கிடையாது" என்று எழுதி மாட்டிய பலகையைக் காட்டுகிறார்கள். விட்டுவிடுவதுதானா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: விட வேண்டாம். பலகை மாட்டியதால் உங்கள் உரிமை போய்விடாது. கூலி வாங்கிச் செய்த வேலை இரண்டு வாரம்கூட நிற்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. விட்ட தையலைப் போட்டோ எடுத்து, இத்தனை நாளுக்குள் சரிசெய்து தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பெரும்பாலும் இந்தக் கடிதத்திலேயே வழிக்கு வருவார்கள். வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எங்கே இருந்தாலும் சரி. குறை ஏற்பட்ட நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். பில் இல்லாவிட்டால் பணம் அனுப்பிய ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் கைகொடுக்கும், எதையும் அழித்துவிடாதீர்கள். ஜீப்பை லாப நோக்கத்தோடு தொழிலுக்கு ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு வேறு. சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டினால் சட்டம் உங்களை நுகர்வோராகத்தான் பார்க்கிறது.

கேள்வி: டோனோ கவரைப் போட்டபடி காரை மழையில் நிறுத்தலாமா? ஜிப் இறுகிப்போனால் எண்ணெய் விடலாமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: தூறலுக்குத் தாங்கும். ஐப்பசி அடைமழைக்குத் தாங்காது, சீட்டுக்கு மேல் பள்ளத்தில் தண்ணீர் குளம் கட்டி, எடை தாங்காமல் தையல் வழியாக இறங்கும். கார் ஷெட்டுக்குள்தான் நிற்க வேண்டும். நனைந்துவிட்டால் ஈரத்தோடு மடிக்காமல் கொடியில் போட்டு முழுவதும் காயவிடுங்கள். வினைல் என்றால் மடிக்கவே வேண்டாம், பாய் போலச் சுருட்டி வையுங்கள். ஜிப்புக்கு எண்ணெய் கூடாது, புழுதி ஒட்டிக்கொண்டு பல்லைத் தேய்த்துவிடும். வீட்டில் இருக்கும் மெழுகுவர்த்தியை ஜிப்பின் பற்களில் மேலும் கீழுமாக நாலு முறை தேய்த்து, ஓட்டியை இரண்டு தரம் இழுத்துவிடுங்கள், போதும்.