அம்மாவிடம் தேதியைச் சொல்லுங்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. கணக்கு ஆசிரியை. வேறொரு நாட்டில், ஒரு சிறிய ஊரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தன்னார்வப் பணிக்கு இரண்டு வருடத்துக்குத் தேர்வாகியிருக்கிறேன். கிளம்ப மூன்று மாதம் இருக்கிறது. விசா, துணிமணி, மருந்து எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அப்பா இல்லை. தம்பி கூட இருக்கிறான். அம்மா தடுக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. “கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிடும்மா” என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். யாருக்கோ சேவை செய்கிறேன் என்று பெற்றவளை விட்டுப் போவது சுயநலமா? நீங்களும் இப்படிப் போய் வந்தவர். எப்படித் தயாரானீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் இரண்டு வருடம் ஓடிவிடும். புது ஊர், புது மொழி, நாள் போவதே தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது 24 மாதம், ஒவ்வொன்றாகத்தான் கழியும். நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா சுவர்க் காலண்டரைக் கடைசித் தாள் வரை புரட்டிவிட்டு, “அடுத்ததுக்கு அடுத்த வருஷத்து காலண்டர் எப்ப போடுவாங்க?” என்று கேட்டார். நான் திரும்பி வரும் நாளைக் குறித்துவைக்க அவரிடம் தாள் இல்லை. அதுவரை நான் அந்தத் தேதியை அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சுயநலமா என்று கேட்கிறீர்கள். போக வேண்டும் என்ற ஆசை உங்களுடையது. அதில் தவறே இல்லை. ஆனால் அம்மாவிடம் அதைச் சேவை என்று மட்டும் சொல்லாதீர்கள். சேவை என்று சொல்லிவிட்டால் அவர் எதை வைத்துக் கோபப்படுவார்? நல்ல காரியத்தைத் தடுத்த பாவம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்வார். இப்போது அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். “எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கும்மா” என்று சொல்லிப் பாருங்கள். அழலாம், திட்டலாம். மௌனத்துக்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம், வீட்டில் நீங்கள் செய்யும் வேலைகளைத் தம்பியிடம் ஒப்படையுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஒரு மாதம் அவனே செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். பில் கட்டுவது, அம்மாவின் மாத்திரை, காப்பீட்டுத் தாள்கள் இருக்கும் இடம். வங்கி ஓடிபி உங்கள் எண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத எண்ணைச் சில மாதங்களில் முடக்கிவிடும் நாடுகள் உண்டு. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. உங்கள் கையெழுத்து தேவைப்படும் காரியம் ஏதாவது இருந்தால் பவர் பத்திரத்தை இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நான் போன ஒன்பதாவது மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார்கள். அதுவரை போனில் அப்பா எங்கே என்று கேட்டால் “தூங்கறார்”, “வெளிய போயிருக்கார்” என்றே பதில் வந்தது. நான் பதறிவிடக் கூடாது என்ற அன்புதான். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு, மீதி மாதங்கள் முழுக்க வீட்டில் யார் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. “எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று கேட்டுவிட்டுத் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு. அதனால் அம்மாவையும் தம்பியையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்: எதையும் மறைக்கக் கூடாது, அன்றைக்கே சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு உடனே மூட்டை கட்டிவிட மாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். உங்களுக்கு அங்கே காய்ச்சல் வந்தாலும் இதே விதிதான்.

எந்த நிலைமை வந்தால் கட்டாயம் திரும்புவீர்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அனுப்பும் அமைப்பிடம் அவசர விடுப்பு விதிகளை எழுத்தில் கேளுங்கள். யாருக்கு உடம்பு முடியவில்லை என்றால் விடுவார்கள், பயணச்செலவு யாருடையது, எத்தனை நாள்? கேட்கவே சங்கடமாக இருக்கும். கேளுங்கள்.

பணியைப் பற்றி ஒன்று. தன்னார்வலர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் அமைப்பான, 1961-இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையில் (பீஸ் கோர்) சேவைக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் போல மொழி கற்பதும் பயிற்சியும்தான். அதன் பிறகும் நம்மால் உடனே பெரிதாக எதுவும் ஆகிவிடாது. முதல் அரை வருடம் அந்த ஊர்க்காரர்கள்தான் உங்களைப் பார்த்துக்கொள்வார்கள். கடையில் பேச, பேருந்து பிடிக்க, உடம்பு சரியில்லாதபோது மருத்துவரிடம் போக, எல்லாவற்றுக்கும் அவர்கள் துணை வேண்டும். கொடுக்க வந்தவள் வாங்கிக்கொண்டே இருக்கிறேனே என்று எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. அப்படிக் கூச்சப்பட்டு அறைக்குள் ஒதுங்கிவிடாதீர்கள். அந்த மாதங்களில்தான் மனிதர்கள் பழக்கமாகிறார்கள். இப்போது மூட்டை கட்டும் நேரத்தில் பாதியை மொழிக்குக் கொடுங்கள்.

உடம்பு விஷயத்தில் தாமதம் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016-இலிருந்து அது ஆயுளுக்கும் போதும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி வழக்கமான முறையில் மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும். உங்களிடம் அவ்வளவு நாள் இல்லை, எனவே விரைவு அட்டவணை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல் வைத்தியத்தை இங்கேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் இரண்டாவது ஜோடி ஒன்று வேண்டும்.

தடுப்பூசிக்கு இந்த வாரமே நேரம் வாங்குங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எப்படியும் அங்கே கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். திரும்பி வரும் தேதியை அப்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா