தம்புராவில் தானாகக் கேட்கும் அந்த நிஷாதம் எது?

கேள்வி இது: குன்னூர் வீட்டில் தம்புரா மீட்டும்போது மந்தரத்திலிருந்து (கீழ் ஸட்ஜம் தரும் பித்தளைக் கம்பி) கைசிகி நிஷாதம் (இரண்டு 'நி'களில் தாழ்ந்தது) மாதிரி ஒன்று எழுகிறது, கீபோர்டு நிஷாதத்தோடு சேரவில்லை. சுருதி தப்பா? அதைத் தனிக் கம்பியில் பிடிக்க முடியுமா?

சுருதியில் தப்பே இல்லை. நீங்கள் கேட்பது மந்தரக் கம்பியின் ஏழாவது ஹார்மோனிக், அதாவது கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணுக்கு ஏழு மடங்கான ஒலி. ஸ்தாயிக்குள் இறக்கினால் ஸட்ஜத்துக்கு 7/4, அதாவது 969 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). கீபோர்டு நிஷாதம் 1000. நம் கைசிகி நிஷாதத்துக்குச் சொல்லும் 16/9 என்பது 996, 9/5 என்பது 1018. சதுச்ருதி தைவதமோ 906-ஐத் தாண்டாது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது இது. 22 சுருதிக் கணக்கு 2, 3, 5 ஆகிய எண்களிலேயே நடப்பதால் ஏழுக்கு அங்கே இடமில்லை. ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டில் C) மந்தரம் 65.4 ஹெர்ட்ஸ், ஏழு மடங்கு 458. கீபோர்டு தருவது 466. இரண்டும் மோதி விநாடிக்கு எட்டு விம்மல் (ஒலி ஏறி இறங்குவது), காதில் கரகரப்பு.

பிடிக்கும் வழி: முதலில் ஜீவ நூலை (குதிரைமேல் கம்பிக்கு அடியில் இருக்கும் நூல்) நகர்த்தி இரைச்சலை நிறுத்துங்கள், இல்லையென்றால் எல்லா ஹார்மோனிக்கும் ஒன்றாகக் கிளம்பிக் குழப்பும். குதிரையிலிருந்து மேருவரை (பிருடைப் பக்கம் கம்பி படிந்து நிற்கும் மேடு) அளந்து ஏழால் வகுங்கள். 84 செ.மீ. என்றால் 12. மேருவிலிருந்து 12 செ.மீ.யில் விரலை வெறுமனே ஒட்டி, குதிரைக்கு 6 செ.மீ. தள்ளி மீட்டுங்கள். அந்த இடத்தில்தான் ஏழாவது மிக வலுவாக எழும். குதிரையிலிருந்து 12-இல் மீட்டினால் அது எழவே எழாது. விரல் 14-க்குப் போனால் ஆறாவது, அதாவது பஞ்சமம். 10.5-க்கு வந்தால் எட்டாவது, ஸட்ஜம்.

இனி கம்பி. பஞ்சமக் கம்பியை ஏற்றி இந்த நிஷாதத்துக்குக் கொண்டுவரப் பலருக்குத் தோன்றும். வேண்டாம், இழுவிசை 36 சதவீதம் கூடும், கம்பி அறும். அனுசாரணியை (ஸட்ஜம் தரும் இரண்டு நடுக் கம்பிகளில் ஒன்று) ஸட்ஜத்திலிருந்து 231 சென்ட் இறக்குங்கள். இழுவிசை 23 சதவீதம் குறையும், ஆபத்தில்லை. சரிபார்க்க, இறக்கிய கம்பியில் மேருவிலிருந்து 21 செ.மீ.யில் தொட்டு நாலாவது ஹார்மோனிக்கை எடுத்து, மந்தரத்தின் ஏழாவதோடு சேர்த்துக் கேளுங்கள். பிருடையால் (கம்பியை முறுக்கும் முளை) அருகே கொண்டுவந்து, மிச்ச விம்மலை மணியால் (கம்பியில் கோத்த, நுண்சுருதி சேர்க்கும் மணி) தீர்க்க வேண்டும். விம்மல் நிற்கும் அந்தக் கணத்தின் நிச்சலனம் அற்புதமானது.

மலையில் தொல்லை வேறு. குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். பித்தளை மந்தரமும் எஃகு அனுசாரணியும் ஒரே அளவில் ஏறுவதில்லை, அதனால் மாலையில் சேர்த்தது காலையில் விம்மும். மூடுபனியில் பிருடை ஈரம் குடித்து உப்பி இறுகும். வம்படியாகத் திருகாதீர்கள், அறை சற்று உலரட்டும். ஜீவா (நூல் தரும் அந்த ரீங்காரம்) மங்கினால் புது நூல் போடுங்கள். அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து வந்த தம்புராவை அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கைசிகி நிஷாதம் வரும் ஹரிகாம்போஜியோ கரஹரப்ரியாவோ பாடும்போது இந்த 7/4 நிஷாதத்தைத் தழுவிப் போகாதீர்கள், நிஷாதம் தொய்ந்து கேட்கும். பாட உட்காரும் முன் அனுசாரணியை ஸட்ஜத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

பதினோராவது ஹார்மோனிக்கையும் தேட ஆசை என்றால் மந்தரத்தில் 7.6 செ.மீ.யில் தொடுங்கள். 551 சென்ட், சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் நிற்கும். அதற்குப் பஞ்சமக் கம்பியை 151 சென்ட் இறக்கினால் போதும். அதன் எட்டாவது ஹார்மோனிக் (10.5 செ.மீ.) மந்தரத்தின் பதினோராவதோடு விம்மாமல் சேர வேண்டும்.