ஒருவேளையும் ஒரு வேளையும்

கேள்வி: 'ஒருவேளை அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு ஜெயித்து, அடிமைமுறை இன்றுவரை நீடித்திருந்தால்?' என்று நையாண்டிப் படம் எடுக்கிறார்கள். அதே கருவில் தொடர் எடுக்கப் போனவர்களுக்கு ஏகப்பட்ட எதிர்ப்பு. பிறர் துயரத்தை வைத்துச் சிரிப்பது எல்லை மீறல் இல்லையா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: 'ஒருவேளை'யைச் சேர்த்து எழுதியதற்கு முதலில் ஒரு கும்பிடு. இங்கே வந்து விழும் கட்டுரைகளில் பாதி, 'ஒரு வேளை மழை வந்தால்' என்றுதான் வருகின்றன. ஒரு வேளைக்கு மழை வந்தால் மறு வேளைக்கு என்ன செய்வதாம்? சேர்த்து எழுதினால் ஐயம், பிரித்து எழுதினால் சோறு. எத்தனை தடவை சொன்னாலும் நம் எழுத்தாளர்களுக்குப் பசிதான் முந்துகிறது.

அமெரிக்கத் தெற்கிலும் ஒருவேளை என்று யோசிக்கும் வசதி பண்ணையாருக்கு இருந்தது. அடிமைக்கு வேளைக் கணக்கு மட்டும்தான். மேரிலாந்துப் பண்ணையில் படி அளந்த விதத்தை, அங்கே அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிவைத்தார்: வளர்ந்த ஆளுக்கு மாதம் 8 பவுண்டு பன்றி இறைச்சி, இல்லையென்றால் அதற்கு ஈடாக மீன். ஒரு புஷல் மக்காச்சோள மாவு, அதாவது சுமார் 35 லிட்டர். வருடத் துணிமணி மொத்தமும் 7 டாலரைத் தாண்டாது. சிறுவர்களுக்கு முரட்டுத்துணிச் சட்டை இரண்டு. கிழிந்தால் அடுத்த படி நாள் வரை அம்மணம்.

படத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வது 2004-இல் சண்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட 'சி.எஸ்.ஏ.: தி கான்ஃபெடரேட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'வாக இருக்கும். இயக்கிய கெவின் வில்மாட் கறுப்பினத்தவர், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சினிமா சொல்லிக்கொடுத்தவர். அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தெற்கு ஜெயித்த அமெரிக்காவில், பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த ஆவணப்படம் ஒன்று டி.வி.யில் ஓடுகிறது, நடுநடுவே விளம்பரம் வருகிறது. ஏற்பாடு அவ்வளவுதான். பழைய புகைப்படத்தின் மேல் ஊர்ந்து போகும் கேமரா, நாற்காலியில் உட்கார்ந்து விளக்கும் வரலாற்றாசிரியர்கள் என்று எல்லாமே 1990-இல் கென் பர்ன்ஸ் எடுத்த உள்நாட்டுப் போர் தொடரின் அச்சு.

வில்மாட் திருகியது ஒரே ஒரு திருகு. பிரிட்டனும் பிரான்சும் தெற்குக்குத் துணை வருகின்றன. இதுவும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பருத்தியை நிறுத்தினால் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் படுத்துவிடும், லண்டன் ஓடிவரும் என்றுதான் தெற்கு நிஜமாகவே கணக்குப் போட்டது. ஆலைகள் படுத்தன, லண்டன் வரவில்லை. இந்தியப் பருத்தியையும் எகிப்துப் பருத்தியையும் இறக்கிச் சமாளித்தார்கள். இந்த வகைப் படத்தில் இரண்டாவது திருகைத் தொட்டால் காரியம் கெட்டது. பார்ப்பவர் 'ஓ, பறக்கும் கார் கதையா' என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

படத்தில், தோற்றுப்போன வடக்கின் அதிபர் லிங்கன் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனோடு தப்பி ஓடி, பிடிபடுகிறார். அக்கிரமம் என்கிறீர்களா? 1865 மே மாதம் ஜார்ஜியாவில் பிடிபட்டபோது தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸின் மேல் மனைவியின் சால்வை இருந்தது. வடக்குப் பத்திரிகைகள் அதைப் பாவாடையாகவே வரைந்து தள்ளின. தோற்றவருக்குக் கிடைத்த மரியாதையை வில்மாட் ஆள் மாற்றிக் கொடுத்தார். அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று படத்தில் வருவதைப் பார்த்து, 'ரொம்பத்தான் அளக்கிறார்' என்று தோன்றும். அளந்தவர் சாமுவேல் கார்ட்ரைட், லூசியானா மருத்துவர். 1851-இல் அந்த நோய்க்கு 'டிராப்டோமேனியா' என்று பெயர் வைத்து, மருத்துவ இதழில் கட்டுரையே போட்டார். வரும்முன் காக்க அவர் சொன்ன வைத்தியம், சாட்டை.

எதிர்ப்பு கிளம்பியது வேறொன்றுக்கு. 2017 ஜூலையில் அமெரிக்க டி.வி. நிறுவனமான எச்.பி.ஓ. அறிவித்த 'கான்ஃபெடரேட்' தொடருக்கு. திரைக்கதை கண்ணில் படுமுன்னே வேண்டாம் என்றார்கள். குழுவில் கறுப்பின எழுத்தாளர்கள் இருவர் இருந்தும் அடங்கவில்லை, கடைசியில் படப்பிடிப்பே நடக்கவில்லை. எழுதாத கதைக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு உவப்பில்லை. ஆனால் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடும் தொடரில் பண்ணையாருக்கும் மனச்சாட்சி வைத்தாக வேண்டும், மகள் கல்யாணத்தில் சிக்கல் வைத்தாக வேண்டும். மூன்றாம் வாரம் 'பாவம் மனுஷன்' என்போம். ஒன்றரை மணி நேரப் பகடியில் அவருக்குக் கல்யாணச் செலவெல்லாம் கிடையாது.

'போர் நடந்தது மாநில உரிமைக்காக' என்று மாதம் தவறாமல் எழுதும் நண்பருக்கும் இங்கேயே பதில். 1861-இல் தெற்கு எழுதிக்கொண்ட அரசியல் சட்டம், அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் கூடாது என்றது. தப்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வட மாநிலங்கள் மறுத்ததைத் தன் பிரிவினைப் பிரகடனத்தில் குற்றமாக எழுதியது தென் கரோலினா. வட மாநிலத்து உரிமை மட்டும் எந்தக் கணக்கில் வரும்? கடிதத்தை நிறுத்துங்கள் ஐயா.

கிள்ளான்காரருக்கு ஒன்று பாக்கி. நடுவில் வரும் விளம்பரங்கள்தான் படத்திலேயே கூசவைப்பவை. அவற்றில் சில நிஜச் சரக்கு என்று கடைசியில் எழுத்துப் போடுகிறார்கள். 1925-இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய கோழிக்கறிக் கடை ஒன்றில், பல்லிளிக்கும் கறுப்பர் பொம்மையின் வாய்தான் வாசல். கறுப்பரை இழிக்கும் சொல்லையே பெயராக வைத்து, ஷாங்காயில் 1933-இல் பிறந்த 'டார்க்கி' பற்பசை உங்கள் மலேசியாவிலும் விற்றது. கோல்கேட் 1985-இல் பாதிப் பங்கை வாங்கியது. கண்டனம் வலுத்ததும், 1989-இல் பெயரில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினார்கள். 'கே' போய் 'எல்' வந்து 'டார்லி' ஆனது. சீனத்தில் 'கறுப்பர் பற்பசை' என்பது அப்படியே இருந்தது. அதை மாற்றுகிறோம் என்று அறிவித்தது 2021 டிசம்பரில். 32 வருடம்! எங்கள் மெய்ப்புத் திருத்துநரை இனி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.