கேள்வி – பதில்: லாராவுக்கு மார்க் போடுவது எப்படி?

(1996-ல் வந்த முதல் ‘டூம் ரைடர்’ வீடியோ கேம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். லாராதான் அதன் நாயகி.)

கே: நண்பர்கள் நால்வர் சேர்ந்து டூம் ரைடரை மறுபடி ஆடி, லெவல் லெவலாக மார்க் போடப்போகிறோம். எதை அளவுகோலாக வைப்பது?

ப: நால்வரும் ஒரே மாதிரி சேவ் செய்துதான் ஆடுகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். பிளேஸ்டேஷன், சாட்டர்ன் பதிப்புகளில் ஆங்காங்கே மிதக்கும் நீலப் படிகக் கல்லைத் தொட்டால்தான் சேவ். ஒரு முறை தொட்டால் கல் மறைந்துவிடும். கணினிப் பதிப்பில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம். கல் முறையில் ஆடியவர் ஒரு தாவல் தவறினால் பத்து நிமிட ஆட்டத்தை இழப்பார், கணினியில் ஆடியவர் பத்து விநாடியை இழப்பார். இருவரும் போடும் மார்க்கை ஒன்றாகக் கூட்டுவதில் அர்த்தமில்லை. எல்லோரும் கணினியில்தான் ஆடுகிறீர்கள் என்றால், ‘லெவல் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு’ என்று சேவுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோலைப் பொறுத்தவரை எங்கள் கட்சி இது: லெவலை முடித்த மறுநாள், ஒரு தாளில் அதன் வரைபடத்தை நினைவிலிருந்து வரையுங்கள். வரைய முடிந்தால் நல்ல லெவல். எத்தனை மிருகம், எத்தனை பொறி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கே: ஓடித் தாவும்போது பாதி நேரம் பள்ளத்தில்தான் விழுகிறேன். லெவல் மோசமா, நான் மோசமா?

ப: இரண்டும் இல்லை, கட்டக் கணக்கு பிடிபடவில்லை. இந்த விளையாட்டின் உலகமே சதுரக் கட்டங்களால் ஆனது. உயரம் கட்டத்தின் கால் பங்கு, கால் பங்காக ஏறும். நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்ட இடைவெளி. ஓடித் தாவினால் இரண்டு. ஓடித் தாவி, காற்றிலேயே ஆக்‌ஷன் பட்டனை அழுத்திப் பிடித்து விளிம்பைப் பற்றினால் மூன்று. மேல்நோக்கி எம்பிப் பிடிக்க, ஏழு கால் பங்கு உயரம்வரை எட்டும். இதற்கு மேல் இருந்தால் வழி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். முட்டி மோத வேண்டாம்.

ஓடித் தாவும் முறை: ஷிஃப்டை அழுத்தியபடி விளிம்புவரை நடங்கள். லாரா விழமாட்டாள், தானாக நின்றுவிடுவாள். ஷிஃப்டை விட்டு, பின் அம்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். அவள் பின்னால் துள்ளி நிற்கும் தூரம்தான் சரியான ஓட்டத் தூரம். முன் அம்பை அழுத்தி, கூடவே உடனே தாவும் பட்டனையும் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பு வந்ததும் அழுத்தலாம் என்று காத்திருப்பவர்கள்தான் விழுகிறார்கள். பட்டனை அழுத்திய நொடியில் அவள் தாவுவதில்லை. அடுத்த காலடி விழும்போதுதான் எழும்புவாள்.

இவ்வளவும் செய்து விழுந்தால், சாய்வாக நிற்கிறீர்கள். சாய்வாகப் போனால் தூரம் கூடிவிடும். விளிம்பில் தொங்கி ஏறினால் லாரா தானாகச் சுவருக்கு நேராக வந்துவிடுவாள். நேராக்கிக்கொள்ள அதைவிடச் சுலப வழியில்லை.

இன்னொன்று, தரையில் முள் ஈட்டிகள் இருந்தால் ஷிஃப்டோடு நடந்து கடக்கலாம், கீறல்கூட விழாது. ஓடினாலோ மேலிருந்து விழுந்தாலோதான் ஆபத்து.

கே: செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலியை ஏன் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்?

ப: நாங்களும்தான். பத்துக்குப் பத்து. கிரேக்கப் பகுதியின் முதல் லெவல், மொத்தத்தில் ஐந்தாவது. நடுவில் கிணறு போல ஒரு பெரிய செங்குத்துப் பள்ளம், அதைச் சுற்றி நான்கு அறைகள்: அட்லஸ், தோர், நெப்டியூன், டமோக்ளிஸ். ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. நான்கும் கிடைத்தால்தான் அடியில் உள்ள கதவு திறக்கும். போகவேண்டிய இடமெல்லாம் மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும், இறங்கும் வழிதான் தெரியாது. வரைபடச் சோதனையில் முதலிடம் இதற்குத்தான்.

தடுமாறும் இடங்கள் சில. மேல்பகுதியில் லீவரை இழுத்தால் கதவு சில விநாடிகள்தான் திறந்திருக்கும். இழுப்பதற்கு முன்பே போகும் பாதையை ஒரு முறை சும்மா நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். தோர் அறையில் மின்னல் ஒரு முறை வெட்டி முடிந்ததும் ஓடுங்கள், நடுவில் தயங்கி நிற்காதீர்கள். அடுத்து வரும் சுத்தியலுக்கு அடியில் கால் வைத்துவிட்டு உடனே பின்னால் துள்ளிவிட வேண்டும். நெப்டியூன் அறையில் மூச்சுதான் எதிரி. லீவர் எங்கே என்று தேடுவதற்கு ஒரு முழுக்கு, இழுப்பதற்கு இன்னொரு முழுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். டமோக்ளிஸில் உள்ளே போகும்போது வாள்கள் சாதுவாகத் தொங்கும். சாவியை எடுத்துத் திரும்பும்போதுதான் தலையில் இறங்கும். ஓடாமல், வாளுக்கு நேர்கீழே போகாமல் சுவரோரமாக வாருங்கள்.

கிரேக்கத்தில் தோருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர் வடதேசத்துக் கடவுள், நெப்டியூனோ ரோமானியப் பெயர். 2007-ல் வந்த ‘ஆனிவர்சரி’ மறுஆக்கத்தில் இவர்களை ஹெபைஸ்டஸ், பொசைடன் என்று திருத்திவிட்டார்கள். திருத்தம் சரிதான், ஆனாலும் தோரின் சுத்தியல் தந்த பயம் அதில் இல்லை.

கே: லாஸ்ட் வேலியில் டைனோசர் கடித்துத் தூக்கி எறிகிறது. தப்ப வழி?

ப: டி-ரெக்ஸுடன் திறந்த வெளியில் மல்லுக்கு நிற்காதீர்கள். அது உள்ளே நுழைய முடியாத குறுகலான இடத்துக்குள் பின்வாங்கி, அங்கிருந்தபடி சுடுங்கள். இரட்டைப் பிஸ்டலுக்குத் தோட்டா தீராது, பொறுமைதான் தீரும்: ஒரு தோட்டாவுக்கு ஒரு புள்ளி, அதன் உயிரோ 100 புள்ளி. ஓநாய்க்கு வெறும் 6 என்பதை நினைத்தால் அளவு புரியும்.

டி-ரெக்ஸால்தான் இந்த லெவலுக்குப் புகழ் என்றாலும் எங்கள் மார்க் அதற்கு இல்லை. மூன்று பல்சக்கரங்களைத் தேடி எடுத்துப் பொருத்தி, லீவரை இழுத்து, அருவியையே வேறு பக்கம் திருப்பிவிடுகிறோமே, அதற்குத்தான் ஒன்பது. ரகசிய இடங்கள் ஐந்து, மற்ற எந்த லெவலிலும் இத்தனை இல்லை. ஷாட்கனும் இங்கேயே கிடைக்கும், அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

கே: மைடாஸ் அரண்மனையில் பெரிய கை மேல் ஏறினேன். லாரா தங்கச் சிலையாகிவிட்டாள்!

ப: தொட்டதெல்லாம் தங்கமாகும் மைடாஸ் ராஜாவின் கதை தெரிந்தும் ஏறினால் என்ன செய்வது? கையின் மேல் ஏறாமல் பக்கத்தில் நின்று, ஈயக் கட்டியை எடுத்துப் பயன்படுத்துங்கள். அது தங்கமாகும். இப்படி மூன்று கட்டி வேண்டும். எட்டு மார்க், அதில் ஒன்று அந்த மரணத்துக்கு.

கே: உங்கள் பட்டியலில் கடைசி எது?

ப: நட்லாஸ் மைன்ஸ். ஐந்து. தொடக்கத்தில் ஆயுதங்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டு விடுவது அருமையான யோசனை. அதன் பிறகு மூன்று ஃப்யூஸ்களுக்காக ஒரே மாதிரி பழுப்புச் சுரங்கத்தில் போவதும் வருவதுமாகப் பொழுது போகிறது. தாளில் வரைந்து பாருங்கள், நூடுல்ஸ்தான் வரும். இதற்கு நேரெதிர், முந்தைய லெவலான சாங்க்சுவரி ஆஃப் தி சியான். ரகசிய இடம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் அந்த மாபெரும் ஸ்பிங்ஸை ஒரு முறை பார்த்தவர் வழியை மறக்கமாட்டார்.

கே: அட்லாண்டிஸில் லாரா போலவே ஒரு தோலுரிந்த உருவம். சுட்டால் நான்தான் சாகிறேன்.

ப: அது உங்கள் கண்ணாடி பிம்பம். அதற்குப் படும் அடி உங்களுக்கே திரும்பும், எனவே துப்பாக்கியை உறையில் போடுங்கள். நீங்கள் இடது போனால் அது எதிர்ப்பக்கத்தில் அதே மாதிரி போகும். லீவரை இழுத்துத் தரைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அந்தக் குழிக்குச் சரியாக எதிரான இடத்தில் போய் நில்லுங்கள். அது தானாக விழும். ஒரு தோட்டா செலவில்லாத இந்த அறைக்காகவே அட்லாண்டிஸுக்கு அரை மார்க் கூட்டினோம்.

கே: முதல் பாகத்தில் இந்தியா வருகிறதா?

ப: தொடக்கக் காட்சியில் மட்டும், கல்கத்தாவில் ஒரு ஹோட்டல். காடும் கோயிலும் கங்கையும் 1998-ல் வந்த மூன்றாம் பாகத்தில்தான். அதில் கணேசர் சாவியும் உண்டு, உயிர்பெற்று வாளோடு வரும் பல கைச் சிலைகளும் உண்டு. கோயில் கட்டடக் கலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கே: 2024 மறுபதிப்பில் பழைய கண்ட்ரோலா, புதியதா?

ப: பழையதே. புதிய முறையில் நீங்கள் தள்ளும் திசை கேமராவைப் பொறுத்தது. கேமரா திரும்பினால் திசையும் திரும்பும். கட்டத்தை எண்ணித் தாவும் ஆட்டத்துக்கு அது ஒத்துவராது. மற்றபடி, ஒரு பட்டனில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம். புதிய ஒளியமைப்பில் சில அறைகள் இருட்டு. சாவியோ லீவரோ கண்ணில் படாவிட்டால் பழைய படத்துக்கு மாற்றித் தேடுங்கள். அதற்காக மார்க்கைக் குறைக்க வேண்டாம்.