கோகோ கோலா பணமும் ஊர்க்கூட்டமும்

வணக்கம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஒஹாயோவில் ஒரு பழைய தொழிற்சாலை ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் டவுன்டவுனில், அதாவது ஊர் நடுவிலுள்ள பழைய கடைத்தெருப் பகுதியில், பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பெரிய கடைகள் எல்லாம் ஹைவே பக்கம் போய்விட்டன. இங்கே ஒரு தன்னார்வக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் சுவரில் படம் வரைகிறோம், பூந்தொட்டி வைக்கிறோம், கோடையில் மாதம் ஒருநாள் சாப்பாட்டு வண்டிகளை வரவழைக்கிறோம். அன்றைக்குக் கூட்டம் வருகிறது. மறுநாள் பழையபடி ஈ காக்கை இல்லை. ‘உங்களுக்குப் பொழுது போகிறது, அவ்வளவுதான்’ என்கிறார் என் மனைவி.

சட்டனூகாவை மக்கள் கூடி மீட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் கோகோ கோலா பணம்தான் மீட்டதாகத் தெரிகிறது. எங்கள் ஊரில் அப்படி ஒரு கோடீஸ்வரர் இல்லை. அப்படியானால் நாங்கள் செய்வதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

ர., ஒஹாயோ

அன்புள்ள ர.,

கோகோ கோலா பணம்தான், சந்தேகமே இல்லை. 1899இல் சட்டனூகா வக்கீல்கள் இரண்டு பேர் அட்லாண்டா போய், அந்தப் பானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை ஒரு டாலருக்கு எழுதி வாங்கினார்கள். அந்த ஒரு டாலரைக்கூட யாரும் வசூலிக்கவில்லை என்று சொல்வார்கள். அவர்களோடு கூட்டுச் சேர்ந்தது லப்டன் குடும்பம். பிற்காலத்தில் டவுன்டவுன் வேலைகளுக்கு அள்ளிக் கொடுத்த லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளையின் பணம் இந்தக் குடும்பத்துடையது.

ஆனால் இந்தப் பணம் 1980களில் திடீரென்று வந்துவிடவில்லை. ஊர் செத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க அது அங்கேதான் இருந்தது. நாட்டிலேயே காற்று மிக மோசமாக இருக்கும் நகரம் சட்டனூகா என்று 1969இல் புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோங்கைட் தொலைக்காட்சியில் சொன்னபோதும் இருந்தது. இரும்பு வார்க்கும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோதும், டவுன்டவுன் கடைகள் புறநகர் மால்களுக்குப் போனபோதும் இருந்தது. ஆகவே பணம் இருந்ததா என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் விடை கிடைக்காது. அவ்வளவு காலம் சும்மா இருந்த பணம் ஏன் 1980களில் அசைந்தது என்று கேட்க வேண்டும்.

1982இல் டென்னசி ஆற்றங்கரையை என்ன செய்வது என்று யோசிக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு பொதுக்கூட்டங்கள் போட ஆரம்பித்தது. 1984இல் ‘சட்டனூகா வெஞ்சர்’ என்ற அமைப்பு உருவாகி, ‘விஷன் 2000’ என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று மாதக்கணக்கில் கூட்டம் நடத்தியது. சுமார் 1,700 பேர் வந்தார்கள். முதலில் யோசனைகளைச் சொல்ல வேண்டும், யாரும் குறுக்கே பேசக்கூடாது. பிறகுதான் எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது. கடைசியில் 40 இலக்குகள் தேறின.

அந்தப் பட்டியல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஆற்றங்கரை நடைபாதை இருக்கிறது, 1921இல் கட்டிய டிவோலி தியேட்டரைப் புதுப்பிப்பது இருக்கிறது. கூடவே, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பதும் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஒருவரை மட்டும் உட்காரவைத்து டவுன்டவுன் திட்டம் போடச் சொல்லியிருந்தால் இந்தக் கடைசி வரி வந்திருக்காது.

அந்தக் கூட்டங்களுக்குச் செலவழித்ததும் லிண்ட்ஹர்ஸ்ட்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். பணக்காரர் பிடிப்பது பிடிக்காததை மீறி ஒரு ஊர்க்கூட்டம் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் பதில் சொல்ல ஓர் அலுவலகம் அங்கே இருந்தது. டவுன்டவுன் நிலங்களையும் கட்டடங்களையும் கவனிக்க 1986இல் ‘ரிவர் சிட்டி கம்பெனி’ என்ற லாபநோக்கற்ற நிறுவனம் வந்தது. வீட்டு வசதிக்குத் தனியாக இன்னொன்று. ‘அந்த இலக்கு என்னாயிற்று?’ என்று கேட்டால் சம்பளம் வாங்கும் யாரோ ஒருவர் முழிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் ஆலோசனைக் கூட்டம் என்றால் டீயும் சமோசாவும் முடிந்ததும் மைக்செட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

எல்லோரும் 1992இல் திறந்த மீன்காட்சியகத்தைத்தான் சொல்வார்கள். 45 மில்லியன் டாலர், முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் பேருக்கு மேல். உங்களுக்கு அது பயன்படாது, விடுங்கள். பாலத்தைப் பாருங்கள். 1891இல் கட்டிய வால்நட் தெருப் பாலம் 1978இல் வண்டிகளுக்கு மூடப்பட்டது. இடித்துவிடலாம் என்றே முடிவு. ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் 1993இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலமாக அது திறந்தது. நீளம் 2,376 அடி. பாலத்தின் வடமுனையில் இருந்த ஃபிரேசியர் அவென்யூ கடைகள் அதற்குப் பிறகுதான் பிழைத்தன. இந்தப் பக்கம் காரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் காப்பி குடிக்க நடந்து போகிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் வந்த பேட்டரி பஸ்ஸும் அப்படித்தான். டவுன்டவுனின் இரு முனைகளிலும் கார் நிறுத்தும் கட்டடம். நடுவே இலவச பஸ். நிறுத்துமிடக் காசுதான் பஸ்ஸை ஓட்டியது. டவுன்டவுனை வெறும் பார்க்கிங் மைதானமாக ஆக்கிய அதே காரிடமிருந்து காசு வாங்கி ஆட்களை இறக்கி நடக்கவைத்தார்கள். இதில் ஒரு குசும்பு இருக்கிறது, எனக்குப் பிடித்தது.

சரி, மறுபக்கம். ‘விஷன் 2000’ நடந்த காலத்தில் அந்த நகரத்தின் ஆட்சிக் குழு முழு நகரத்துக்கும் பொதுவான வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது, வார்டு கிடையாது. கறுப்பினத்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தும் அவர்களுடைய வாக்கு பெரும்பான்மையில் கரைந்துபோகும். அவர்களில் பன்னிரண்டு பேர் 1987இல் வழக்குப் போட்டார்கள். இந்தத் தேர்தல் முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று 1989இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஒன்பது வட்டாரங்கள் கொண்ட நகரமன்றம் வந்தது. டவுன்டவுன் மீட்சி பற்றிய பேச்சில் இந்த வழக்கு அநேகமாக வருவதில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பத்தாண்டில் அந்த ஊர் மக்கள் கூடிச் செய்த வேலைகளில் மிகக் கெட்டியானது இதுதான். ஊர்க்கூட்டத்தில் யோசனை சொன்னால் ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். நகரமன்றத்தில் இடம் கிடைத்தால் பட்ஜெட்டில் கை வைக்கலாம்.

இதற்குப் பின்னே பழைய கணக்கும் இருக்கிறது. 1950களின் இறுதியிலிருந்து ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரிலேயே டவுன்டவுனை ஒட்டிய மேற்குப் பகுதியை இடித்துத் தள்ளி, கறுப்பினக் குடும்பங்களைக் கிளப்பினார்கள். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் சிறுமியாகத் தெருவோரம் பாடிய ஒன்பதாம் தெரு, கறுப்பினத்தவரின் கடைத்தெரு, பின்னால் மார்ட்டின் லூதர் கிங் பெயரைப் பெற்றது. டவுன்டவுன் தேறியபோது அங்கேயும் வாடகை ஏறியது. ஆகவே ‘மீட்சி’ என்று கேட்டதும் கைதட்டாத ஆட்கள் அங்கே உண்டு, காரணத்தோடு.

நான் மேலே புகழ்ந்த அதே பாலத்தில்தான் 1906இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைக் கும்பல் தூக்கிலிட்டது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய மரண தண்டனையை நிறுத்திவைத்த பிறகு. அவரைக் காக்கத் தவறியதற்காக உச்ச நீதிமன்றமே அந்த வட்டாரக் காவல் தலைவரான ஷெரிஃபை விசாரித்துத் தண்டித்தது. பாலம் சுற்றுலாப் படங்களில் வர ஆரம்பித்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2021இல்தான் தென்முனையில் நினைவிடம் வந்தது. அதுவும் ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து செய்ததுதான்.

இனி உங்கள் ஊர். கோடீஸ்வரர் இல்லாத சின்ன ஊர்களுக்கு வேறு பாதை இருக்கிறது. 1977இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சிறு நகரங்களில் ஒரு சோதனை செய்தது: இல்லினாயின் கேல்ஸ்பர்க், இண்டியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒவ்வொன்றிலும் டவுன்டவுனுக்கென்று முழுநேர ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். 1980இல் அது ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டமாக நாடு முழுக்கப் போனது. குழுவைக் கட்டுவது, கூட்டம் வரவழைப்பது, கட்டடத் தோற்றத்தைச் சரிசெய்வது, வியாபாரத்தை நிமிர்த்துவது ஆகிய நான்கும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பது அதன் பாடம். உங்கள் சாப்பாட்டு வண்டிகள் இரண்டாவது, பூந்தொட்டிகளும் சுவர்ப்படமும் மூன்றாவது. நான்காவதை நீங்கள் இன்னும் தொடவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தெரு வெறிச்சோடுகிறது.

நான்காவதற்குச் சனிக்கிழமை போதாது. மாவட்ட அலுவலகத்தில் சொத்துப் பதிவேட்டைப் பார்த்து, பூட்டிய கடைகள் யாருடையவை என்று எழுதுங்கள். வெளியூரில் இருந்துகொண்டு பேருக்கு வரி கட்டிப் போட்டிருப்பவர்கள் சிலர் கட்டாயம் வருவார்கள். மாடிகளையும் பாருங்கள். பழைய அமெரிக்கக் கடைத்தெருக்களில் கீழே கடை, மேலே குடித்தனம். இப்போது மேலே தூசிதான். வாடகைக்கு விடலாமே என்றால் இரண்டாவது படிக்கட்டு, தீயணைப்புக் குழாய் என்று செலவு உரிமையாளரை மிரட்டுகிறது. அங்கீகாரம் பெற்ற வரலாற்றுக் கட்டடத்தை வருமானத்துக்காகப் புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் கூட்டரசு வரிச்சலுகை உண்டு. ஒஹாயோ மாநிலமும் தன் பங்குக்குச் சலுகை வைத்திருக்கிறது, ஆனால் அது போட்டி போட்டு வாங்க வேண்டியது. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் சேர்ந்தால், பத்துப் பூந்தொட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். மாடியில் ஆள் குடியேறினால் ஞாயிற்றுக்கிழமையும் பால் வாங்க யாராவது இறங்கி வருவார்கள்.

அப்புறம், உங்கள் குழுவில் தொழிற்சாலை ஷிப்ட் ஆட்கள் எத்தனை பேர், அந்தத் தெருவில் இப்போது குறைந்த வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். உங்கள் மனைவியையும் ஒருமுறை கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். அவர் கேட்கிற கேள்வியை அங்கே யாராவது கேட்டாக வேண்டும்.