சிலம்பம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, சிலம்பம் எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமை?

பதில்: கம்பால் அடித்துக்கொள்வது மனிதன் கம்பெடுத்த நாளிலிருந்து நடக்கிறது. வரிசையும் காலடியும் வகுத்த கலைக்குத் தேதி போடுகிறவரிடம், கல்வெட்டு எங்கே என்று கேளுங்கள்.

கேள்வி: சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறதாமே?

பதில்: அது கண்ணகி காலில் கிடந்த சிலம்பு, தம்பி. சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையால் இந்தப் பெயர் என்பார்கள். சிலம்பு என்றால் மலை என்றும் பொருள் உண்டு. மலை மூங்கிலோடு சேர்த்துச் சொல்வாரும் உண்டு.

கேள்வி: வெள்ளைக்காரன் சிலம்பத்தைத் தடை செய்தானா?

பதில்: இது கேட்க வேண்டிய கேள்வி. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில். அதோடு பாளையங்களின் கோட்டைகள் இடிபட்டன, ஆயுதங்கள் பறிபோயின, காவல் உரிமை கம்பெனி கைக்குப் போனது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அவருக்குப் படை எதற்கு? படை கலைந்தால் வாத்தியாருக்குச் சோறு எங்கே? 1878-இல் ஆயுதச் சட்டம் வந்து வாளுக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் கேட்டது. மூங்கிலுக்கு யார் உரிமம் கேட்பார்கள்? வாள் ஒதுங்கியது, கம்பு கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விளையாட்டுக்கும் போய்ப் பிழைத்துக்கொண்டது. அங்கே அடி 'தொடுமுறை' ஆயிற்று. கம்பு நுனியில் சாயமோ திருநீறோ தடவி, எதிராளி உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணுவார்கள். பழைய ஆட்டக்காரர்களின் வெள்ளை பனியனைப் பார்த்தால் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று என்று தோல்விக் கணக்கு அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். களத்தில் இறங்கியதும் வணக்கமாகப் போடுவது சலாம் வரிசை. சலாம் அரபுச் சொல். சென்னைப் பக்கம் ஆசானை வஸ்தாது என்பார்கள், அது உருதுவின் உஸ்தாத். நவாபுகள் காலத்துப் படைவீடுகளின் வாசம் இந்தச் சொற்களில் ஒட்டியிருக்கிறது. 'தூய தமிழ்க் கலை' என்று மேடையில் முழங்குகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

கேள்வி: போதிதர்மர்தானே இதைச் சீனாவுக்குக் கொண்டு போனார்?

பதில்: 2011-இல் ஒரு படம் வந்ததிலிருந்து எனக்கு இது தினசரி. ஷாவோலின் சண்டைக்கலையோடு அவரை முடிச்சுப் போட்ட யிஜின் ஜிங் நூலின் காலம் 1624. அவர் வாழ்ந்ததாகச் சொல்வது அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால். இடையில் யாருக்கும் தெரியாதா?

கேள்வி: ஆசானே, நான் கன்னியாகுமரிக்காரன். களரிக்குத் தாய் சிலம்பம்தானே? கேரளத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: உங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அங்கே வெறுங்கைச் சண்டையான அடிமுறை, உடம்பின் உயிர்நிலைகளைக் குறிவைக்கும் வர்மம், கம்பு மூன்றும் ஒரே ஆசானிடம். அவர் தமிழும் பேசுவார், மலையாளமும் பேசுவார். தாய் எது, மகள் எது?

கேள்வி (அவரே): அப்போ வடக்கன் களரி?

பதில்: அங்கேயும் கெட்டுகாரி என்று நெடுங்கம்பு பயிற்சி உண்டு. ஆனால் களரியில் அது ஆயுதப் பயிற்சியின் முதல் படி, மேலே வாளும் உறுமி என்ற சுருள்வாளும். நமக்குக் கம்புதான் முதலும் முடிவும்.

கேள்வி (மறுபடியும் அவரே): ஆனாலும் யார் மூத்தவர்?

பதில்: மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐந்தாயிரம் ஆண்டுப் பழமை என்று...

பதில்: கல்வெட்டு.

கேள்வி: எம்.ஜி.ஆர். நிஜமாகவே கம்பு சுற்றுவாரா?

பதில்: சுற்றுவார். முறையாகக் கற்றவர்.

கேள்வி: இப்போது அரசு அங்கீகாரம் உண்டா?

பதில்: தமிழக அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

கேள்வி: வீடியோ பார்த்து வீட்டிலேயே பழகுகிறேன். என் 8 வயது மகளும் கம்பு கேட்கிறாள். எவ்வளவு நீளம் வாங்க?

பதில்: வீடியோவை மூடுங்கள்; அடி இறங்கும்போது உங்கள் கால் எங்கே நிற்கிறது என்று அது பார்த்துச் சொல்லாது. அவளை நிற்கவைத்துத் தரையிலிருந்து நெற்றி உயரம் அளந்து, கணு நெருக்கமான கம்பாக வாங்குங்கள். முதல் மாதம் அது சுவரில் சாய்ந்தே நிற்கட்டும், காலடி மட்டும் போடச் சொல்லுங்கள்.